டீச்சருக்கு உடம்பு எப்படி?

பல் டாக்டரைக் கண்டு பயப்படாதவர்கள் சிலர் இருக்கலாம். என் கிளினிக்கில் அலாரம் அக்காவைக் கண்டு பயப்படாதவர் என்று ஒருத்தர் கிடையாது. டாக்டர் நான்தான், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாசல் கதவைத் திறந்தால் ஏழு நாற்காலி, ஒரு மீன் தொட்டி, எதிரே இடுப்புயரத்துக்கு ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாக அவர். கையில் தடித்த டயரி. யார் எப்போது வர வேண்டும், யார் வராமல் டிமிக்கி கொடுத்தார், அதற்கு என்ன பொய் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் நாள் சாயங்காலம் ஒரு போன், அன்று காலை ஒரு போன். "நான் வெளியூர்ல இருக்கேம்மா" என்று யாராவது சொன்னால், "அப்படீங்களா, அந்த ஊர் ரயில்வே கேட்லயும் நம்ம கேட் மாதிரியே மணி அடிக்குதே" என்பார். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேர் சிகிச்சைக்குப் பயந்து மூன்று தடவை நழுவினார். அக்கா ஸ்டேஷனுக்கே போன் போட்டு, எடுத்தவரிடம், "ஐயாவுக்குப் பயமா இருந்தா துணைக்கு ரெண்டு பேரை அனுப்புங்க" என்றார். இருபதாவது நிமிஷம் இன்ஸ்பெக்டர் தனியாக வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

அலாரம் என்ற பட்டம் நோயாளிகள் கொடுத்தது. அவருக்குக் கோபம் வராது, குரல் உயராது, ஆனால் விட மாட்டார். அவருடைய வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஜனங்களின் கூச்சலைக் கேட்டு ஓட்டுவதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் அவரிடம் பேச்சு மிச்சம் இருக்காது. "அதான் ரெண்டு பேருக்கும் சேர்த்து அம்மாவே பேசிடறாங்களே" என்பாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

இப்படி நிம்மதியாக எல்லாரையும் தொந்தரவு செய்துகொண்டிருந்தவரிடம்தான் ஒரு நாள் பக்கத்து பேக்கரியில் அடுப்படி வேலை பார்க்கும் ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் 'பல் உடைந்த காரணம்' என்று ஒரு வரி. கீழே விழுந்தது, வாகன விபத்து, கடினமான பொருளைக் கடித்தது என்று மூன்று கட்டம். அக்கா பேனாவை எடுத்தார்.

"எப்படி உடைஞ்சுது தம்பி?"

"துப்பாக்கி."

"சுட்டாங்களா?"

"இல்ல அக்கா. திருப்பிப் பிடிச்சு அடிச்சாங்க."

அக்கா படிவத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கட்டத்திலும் அது அடங்கவில்லை. படிவம் அச்சடித்த என்னை அவர் ஒரு பார்வை பார்த்தார், ஏதோ நான்தான் அடித்தது போல.

பேக்கரிக்காரர் நம் ஊருக்கு வந்து இரண்டு வருஷம். நம் மொழியை மாவு பிசைகிற மாதிரி மெதுவாக, அழுத்திப் பேசுவார். அவருடைய நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஐந்து வருஷம் ஆகிறது என்றும், ஒரு ஜெனரல்தான் எல்லாமே என்றும், அந்த ஜெனரல் தலைநகரத்து வழியாக ஓடும் பெரிய ஆற்றுக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார் என்றும் சொன்னார். இவருடைய அக்கா பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுப்பவர். பரீட்சையில் ஆற்றுக்குப் புதுப் பெயரை எழுதிய பிள்ளைகளுக்கு முட்டை போட்டார். ஆய்வாளர் வந்து ஏன் என்று கேட்டபோது, "நாலாயிரம் வருஷமா ஓடற ஆறு சார். புதுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அது திரும்பிப் பாக்குமா?" என்று கேட்டார். மறுநாள் ராணுவ வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. தடுக்கப்போன தம்பிக்கு இரண்டு பல் போயிற்று.

"எனக்கும் அவங்கதான் பாடம் எடுத்தாங்க. வீட்டுலயும் டீச்சர்னுதான் கூப்பிடுவேன்" என்றார் அவர். அதனால் நாங்களும் அந்த அம்மாவை டீச்சர் என்றே சொல்ல ஆரம்பித்தோம்.

"இப்போ எங்க இருக்காங்க?" என்று அக்கா கேட்டார்.

"தலைநகரத்து ஜெயில்ல. ஆனா அம்மா போய்க் கேட்டா, அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னு சொல்றாங்க."

"இல்லைன்னு சொல்றாங்களா?" அக்காவின் முகத்தில் நான் நன்றாக அறிந்த ஒரு தெளிவு வந்தது. "தம்பி, இல்லைன்னு சொல்றவங்களைத்தான் பதினெட்டு வருஷமா நான் பாத்துக்கிட்டிருக்கேன். ஜெயிலுக்குப் போன் நம்பர் இருக்குமில்ல?"

கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தேன். "நமக்கு எதுக்குக்கா வம்பு?" என்றேன்.

"நமக்கு என்ன டாக்டர் வம்பு? போனை வெச்சிடுவாங்க. அவ்வளவுதானே?"

பேக்கரிக்காரர் உடனே சரி என்று சொல்லவில்லை. வெளியிலிருந்து யாராவது கேட்டால் உள்ளே டீச்சருக்கு அடி கூடுமோ என்று பயந்தார். அது நியாயமான பயம்தான். அக்காவும் அவரை அவசரப்படுத்தவில்லை. பேக்கரிக்காரர் அதே ஜெயிலிலிருந்து வெளியே வந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து விசாரித்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்களாம்: எந்தப் பெயரை வெளியே யாரும் உச்சரிக்கவில்லையோ அந்த ஆளைத்தான் அவர்கள் இஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். வெளிநாட்டு விசாரணை வந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதிய பெயரைத் தொலைப்பது அவ்வளவு சுலபமில்லை.

மூன்றாம் நாள் வந்து, "கேளுங்க அக்கா" என்றார்.

அவருடைய மொழியில், டீச்சரின் முழுப் பெயரோடு, நான்கு வாக்கியம். நம் எழுத்தில் எழுதி, மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த காலண்டர் அட்டையில் ஒட்டி, போனுக்கு மேலே அக்கா மாட்டிக்கொண்டார். வணக்கம். பூகோள டீச்சரைப் பற்றி விசாரிக்கக் கூப்பிடுகிறேன். அவங்க உடம்பு எப்படி இருக்கு? நாளைக்கு மறுபடி கூப்பிடுகிறேன். அந்த நாலாவது வாக்கியம் அக்கா கேட்டு வாங்கியது. "அது இல்லாட்டி மத்த மூணும் வேஸ்ட்" என்றார். உச்சரிப்பு பழகுகையில் பேக்கரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

எங்களுக்கு மதிய இடைவேளை என்றால் அந்த ஊரில் காலை ஒன்பது மணி. முதல் நாள் போனை எடுத்தவர் அரை நிமிஷம் கேட்டுவிட்டு வைத்தார். டயரியில் அக்கா எழுதினார்: 'செவ்வாய். எடுத்தார். வைத்தார்.' மறுநாள்: 'புதன். எடுத்தார். பெருமூச்சு விட்டார். வைத்தார்.' வியாழக்கிழமை இரண்டாம் வாக்கியத்திலேயே வைத்துவிட்டாராம். அக்கா மறுபடி போட்டு மிச்ச இரண்டையும் சொல்லி முடித்தார்.

அதோடு நின்றாரா? காத்திருக்கும் நோயாளிகள் பக்கம் திரும்பினார். ஒரு கட்டு அஞ்சலட்டை வாங்கி, ஜெயில் முகவரி எழுதி மேஜையில் வைத்தார். 'பூகோள டீச்சர் நலமா? பதிலுக்குக் காத்திருக்கிறோம்' என்று, பெயரோடு, அந்த மொழியில் பேக்கரிக்காரர் எழுதிக் கொடுத்த மாதிரியைப் பார்த்து எழுத வேண்டும். நான் ஊசி போட்டு வெளியே உட்கார வைத்த ஒருவர், பேச முடியவில்லை என்று சைகை காட்டித் தப்பப் பார்த்தார்.

"வாய்தானே மரத்துப் போயிருக்கு? கை நல்லாத்தானே இருக்கு?" என்று பேனாவைக் கொடுத்தார் அக்கா.

பல் செட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா, 'நீங்க செய்யறது உங்க அம்மாவுக்குத் தெரியுமா?' என்று சொந்தமாக நம் மொழியில் ஒரு வரி சேர்த்தார். இன்ஸ்பெக்டர் பழக்க தோஷத்தில், 'உரிய முறையில் விசாரித்து அறிக்கை தரவும்' என்று எழுதிக் கையெழுத்தும் பதவியும் போட்டுவிட்டு, பதறிப்போய்ப் பதவியை மட்டும் அடித்துவிட்டார். சாயங்காலம் அக்காவின் வீட்டுக்காரர் அட்டைகளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் பஸ் தலைமைத் தபால் நிலையத்தில் நிற்கும்போது இறங்கிப் போட்டுவிட்டு வருவார். எதற்கு, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பத்தொன்பதாவது நாள் மறுமுனையில் இருந்த ஆள் பேசினார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. காதில் விழுந்ததை அப்படியே நம் எழுத்தில் எழுதிக்கொண்டார். பேக்கரிக்காரர் அதை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தார்.

"'நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்றார்" என்றார். "யாருக்குன்னு சொல்லல. ஆனா நல்லாத்தான் இருக்காம்."

டீச்சர் அங்கேதான் இருக்கிறார் என்பதற்கு அதுவரை கிடைத்த ஒரே தடயம் அதுதான். பேக்கரிக்காரர் கடைக்கு ஓடி ஒரு கூடை ரொட்டியோடு திரும்பி வந்தார். பல் பிடுங்கியவருக்கு அன்று ரொட்டி கூடாது. அவரும் ஒன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு மதியம் அக்கா போனை வைத்ததும் என் அறைக் கதவைத் திறந்தார்.

"டாக்டர், அந்த ஆளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லு. சீழ் வெச்சிருக்கு."

"எந்த ஆளுக்கு?"

"ஜெயில் கிளார்க்குக்கு. வாய்க்குள்ள உருளைக்கிழங்கு வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி பேசறார். இந்தக் குரலை எத்தனை தடவை கேட்டிருக்கேன்."

நோயாளியைப் பார்க்காமலே மருத்துவம் சொல்வது தப்பு என்றேன். அதுக்காக வலியோட உட்கார்ந்திருக்கட்டுமா என்றார். கடைசியில் நான் சொன்னது மூன்று விஷயம்: வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கணும், ஈறு மேல் மாத்திரையை வைக்கக் கூடாது, பல் டாக்டரிடம் உடனே போகணும். பேக்கரிக்காரர் மொழிபெயர்க்க மறுத்தார். "எங்க அக்காவைப் பூட்டி வெச்சவனுக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். சாயங்காலம் தானாகத் திரும்பி வந்து, காகிதத்தை இழுத்து எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அக்கா அதைப் போனில் படித்துக் காட்டினார். நான்கு நாள் கழித்துத் தெளிவான குரலில் பதில் வந்தது. அதில் டீச்சர் என்ற சொல் அக்காவுக்கே புரிந்தது. "டீச்சர் சாப்பிடுறாங்க. நடக்குறாங்க. கத்துறாங்க" என்று பேக்கரிக்காரர் மொழிபெயர்த்தார். கத்துறாங்க என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். "அப்போ அது அவங்கதான் அக்கா. அவங்களேதான்."

அதற்கு அடுத்த வாரம் அந்த எண் செத்துப்போனது. இப்படி ஒரு இணைப்பே கிடையாது என்று ஒரு பெண் குரல் மட்டும் மூன்று மொழியில் சொன்னது. அக்கா தினமும் போட்டுப் பார்த்தார். டயரியில் எழுத எதுவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரச் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷத்தில் நடக்காத தப்பு. வந்த இரண்டு பேரும் சண்டை போடவில்லை; "அக்காவுக்கு என்னாச்சு?" என்று என்னிடம்தான் ரகசியமாகக் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சீருடையோடு வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். அஞ்சலட்டைகளை வாங்கிக்கொண்டார். போகவில்லை. தொண்டையைச் செருமினார்.

"அந்த நாட்டுத் தூதரகம் இருக்குல்ல. என் ரூட்லதான். ஏழாவது ஸ்டாப்."

அதுதான் அந்த வாரத்துக்கு அவர் பேசிய பேச்சு என்று நினைக்கிறேன். போதுமானதாக இருந்தது.

மறுநாள் மதியம் அக்கா ஏழாவது நிறுத்தத்தில் இறங்கினார். தூதரகத்தில் கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஒருவர், நம் ஊர்க்காரர்தான், மேஜைக்குப் பின்னால் தடித்த டயரியோடு இருந்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்து, "அப்பாயின்ட்மென்ட் இருக்காம்மா?" என்றார்.

அக்கா இதை என்னிடம் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "என்னைப் பாத்துக் கேக்கறான் டாக்டர்! என்னைப் பாத்து!"

எழுத்தில் விண்ணப்பித்தால் யாராக இருந்தாலும் பதினைந்து நிமிஷம் ஒதுக்கித் தர வேண்டும் என்று அங்கே சுவரில் பலகை மாட்டியிருந்தது. அக்கா ஒரு நேரம் வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு தன் டயரியைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து போன் போட ஆரம்பித்தார். "ஆறு மாசம் ஆச்சு, பல்லு சுத்தம் பண்ண வரணும். அப்புறம் இன்னொரு அப்பாயின்ட்மென்டும் இருக்கு, அதையும் குறிச்சுக்கங்க." ஒரு வாரத்தில் தூதரக அதிகாரியின் நாட்கள் அத்தனையும் எங்கள் நோயாளிகளால் நிரம்பிவிட்டன. கம்பி போட்ட பல்லோடு ஒரு கல்லூரிப் பெண், பல் செட்டு அம்மா, சீருடை போடாமல் வந்த இன்ஸ்பெக்டர். எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்து, டீச்சருக்கு உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு, மிச்ச பதினாலு நிமிஷமும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். மர வியாபாரம் பேச வந்த பெரிய மனிதர்களுக்கு இடமில்லை. பல் செட்டு அம்மா ஸ்வெட்டர் பின்னக் கையோடு நூல் எடுத்துப் போயிருந்தார்.

ஐந்தாம் வாரம் அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். ரொம்ப மெலிந்துவிட்டிருந்தாராம்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"டீச்சரை விடணும்."

"அது என் கையில இல்ல."

"அப்போ உங்க கையில இருக்கறதைச் செய்யுங்க. ஒரு டாக்டர் போய் அவங்களைப் பாக்கட்டும். அவங்க அம்மா போய்ப் பாக்கட்டும். அதுவரைக்கும் எங்க ஆளுங்க வருவாங்க. எங்ககிட்ட இன்னும் முன்னூறு பேர் இருக்காங்க. எல்லாருக்கும் பல்லு இருக்கு."

மாதக் கடைசியில் டீச்சரின் அம்மா கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மகளைப் பார்த்துப் பத்து நிமிஷம் பேசினார். இல்லாத ஆள் அன்றிலிருந்து இருக்கும் ஆள் ஆனார். அதற்குப் பிறகு இன்னும் எட்டு மாதம் கழித்து, நூற்றுப் பதினாறு பேரோடு டீச்சரும் விடுதலையானார். எங்கள் கிளினிக் போன்தான் ஜெயில் கதவைத் திறந்தது என்று நான் சொன்னால் என்னிடம் பல் கட்டிக்கொண்டவர்களே சிரிப்பார்கள். வேறு வேறு ஊர்களில் துறைமுகத்துக்காரர்கள் அந்த நாட்டுக் கப்பலில் சரக்கு ஏற்ற மாட்டோம் என்றார்கள். வக்கீல்கள், மாணவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பெயரைப் பிடித்துக்கொண்டு விடாமல் கேட்டார்கள். எங்கள் பங்குக்கு வந்தது ஒரு பெயர். ஜெனரல் அதற்குப் பிறகும் மூன்று வருஷம் நாற்காலியை விடவில்லை.

டீச்சர் தம்பியிடம் வந்து சேர்ந்தார். ஒல்லியாக, உயரமாக இருந்தார்; கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தது. என் கிளினிக்குக்குள் நுழைந்ததும் அக்காவைக் கட்டிக்கொள்வார் என்று நான் கைக்குட்டையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவர் நேராகப் போய் போனுக்கு மேலே இருந்த அட்டையைப் பார்த்தார். தம்பி மொழிபெயர்த்தார்.

"எப்படிச் சொன்னீங்கன்னு சொல்லிக் காட்டச் சொல்றாங்க."

அக்கா எழுந்து நின்று, வகுப்பில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நான்கையும் சொன்னார். டீச்சர் மூன்றாவது வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு தம்பியின் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

"நான் சரியாத்தான் சொல்லிக்குடுத்தேன்" என்று அவர் தலையைத் தடவிக்கொண்டு எங்களிடம் முறையிட்டார். "அக்கா ஒரு எழுத்தைக் குறைச்சுட்டாங்க. 'அவங்க உடம்பு எப்படி இருக்கு'ன்னு இல்ல. 'உங்க உடம்பு எப்படி இருக்கு'ன்னு தினமும் கேட்டிருக்காங்க."

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. அத்தனை நாளும் அக்கா அந்தக் கிளார்க்கைத்தான் குசலம் விசாரித்திருக்கிறார். நல்லாத்தான் இருக்கு என்று அவர் சொன்னது அவரைப் பற்றி. நாங்கள் ஒரு கூடை ரொட்டி தின்றது அவருடைய ஆரோக்கியத்துக்காக.

அக்காவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. அந்தக் கிளார்க்கை ஒரு நாள் திடீரென்று எல்லைப் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்றார். கிளம்புவதற்கு முன் அவர் டீச்சரின் சிறை அறைக் கதவுக்கு வெளியே நின்று, உங்களுக்கு வெளியூரில் ஒரு அக்கா இருக்கிறார், விடாமல் கேட்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனாராம். "எனக்கு அக்காவே கிடையாது. யாருடா இதுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. கைக்குட்டையை நான்தான் உபயோகித்தேன்.

பேக்கரிக்கு மேலே தம்பியின் அறை ஒரு ஆள் படுக்கத்தான் இடம். அதனால் டீச்சர் அக்கா வீட்டில் தங்கினார். மகள் தன் அறையைக் கொடுத்தாள். ஆனால் முதல் மூன்று நாளும் டீச்சர் கூடத்தில் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். அறைக்குள் போய்க் கதவு கொஞ்சம் அசைந்தாலும் வெளியே வந்துவிடுவார். கதவுக்கு முட்டாக ஒரு செங்கல் வைத்தார்கள். அப்படியும் அது மூடக் கூடிய கதவுதானே.

நான்காம் நாள் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல், திருப்புளியை எடுத்துக்கொண்டு அந்த அறை வாசலில் உட்கார்ந்தார். கீல்களைக் கழற்றினார். கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் பீரோவுக்குப் பின்னால் சாத்தினார். அதோடு நிற்காமல் தங்கள் அறைக் கதவையும் கழற்றினார். சமையலறைக் கதவையும் கழற்றினார். குளியலறை முன்னால் போய் நின்று ஒரு நிமிஷம் யோசித்தபோது, மகள் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அப்பா! இது ஒண்ணு இருக்கட்டும்பா!"

அவர் திருப்புளியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டீச்சர் அந்த வீட்டில் ஐந்து மாதம் இருந்தார். பிறகு அடுத்த ஊர்ப் பள்ளியில் வேலை கிடைத்துப் போனார். நான் ஒரு நாள் அங்கே போயிருந்தபோது, அக்கா கூடத்திலும், டீச்சர் அறையிலும், மகள் சமையலறையிலும், எழுந்து வராமல் இருந்த இடத்திலிருந்தே மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் நிறைய பேசி முடித்தவர் மாதிரி இருந்தது.